பொன்னாடை மெதுவாக விழும் ஊர்

நிகரூரில் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தினால், அது அவர் தோளில் வந்து உட்கார ஒரு வரவேற்புரை நேரம் பிடிக்கும். சனிக்கோளைச் சுற்றும் அந்தப் பனி நிலவில் எதற்கும் எடை என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. துணி காற்றில் விரிந்து, யோசித்து, மனம் மாறி, பிறகு ஒருவழியாக இறங்கும். அதுவரை போர்த்துகிறவரும் போர்த்தப்படுகிறவரும் புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நிற்க வேண்டும். பூமியிலிருந்து கிளம்பும்போது குண்டூசிக்குக்கூட எடை பார்த்துக் கழித்தவர்கள், பொன்னாடைக் கட்டை மட்டும் விடாமல் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். வேறு சிலவற்றையும் ஏற்றி வந்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஊருக்கு மேலே கண்ணாடிக் கூரை. அதற்கு அப்பால், மேலே வரவும் மனமில்லாமல் கீழே போகவும் மனமில்லாமல் தொடுவானத்தில் பாதி எழுந்தபடியே நின்றுவிட்ட சனி. ஊரைச் சுற்றிலும் பனித்தரையின் பிளவுகளிலிருந்து ஊற்றுகள் பீறிட்டுக் கண்ணுக்கு எட்டாத உயரம் வரை போய், வெள்ளிப் பொடியாக உதிர்ந்துகொண்டிருக்கும். பூமியில் இதில் நூற்றில் ஒரு பங்கு அழகு இருந்தாலும் டிக்கெட் போட்டிருப்பார்கள். நிகரூர்க்காரர்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அந்த ஊற்றுகளிலிருந்துதான் குடிதண்ணீர் வந்தது என்பதால் அவற்றை வாட்டர் சப்ளை என்று அழைத்தார்கள்.

அந்த ஊரின் செவிநலத் தலைமைப் பொறியாளர் நிறைமதி. பட்டம் நீளம், வேலை ஒன்றுதான். ஊரார் அத்தனை பேர் காதிலும் இருக்கும் சுண்டைக்காய் அளவு மணியைப் பழுதில்லாமல் பார்த்துக்கொள்வது. அந்த மணிக்கு இதம் என்று பெயர்.

இதம் இருக்கும் ஊரில் நீங்கள் வாய்க்கு வந்ததைப் பேசலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் கேட்பவர் காதுக்குள் அது நுழையும்போது, உங்கள் குரலிலேயே, உங்கள் இழுவையோடேயே, வேறு பேச்சாகியிருக்கும். ‘போடா முட்டாள்’ என்றால் ‘உங்கள் கோணம் எனக்குப் புதிது’ என்று கேட்கும். ‘தொலஞ்சு போ’ என்றால் ‘பயணம் இனிதாகட்டும்’. சாதி என்ற சொல் மட்டும் எந்த உருவத்திலும் காதில் விழாது. ஊர்ச் சாசனத்தின் முதல் வரியே, இங்கே அது இல்லை என்பதுதான். இல்லாத ஒன்றுக்குச் சொல் எதற்கு?

காதில் விழுவதும் வாய் அசைவதும் பொருந்தாது அல்லவா? அதற்கும் ஊர் ஒரு வழி கண்டிருந்தது. பேசுகிறவர் வாயைப் பார்ப்பது அநாகரிகம். எல்லோரும் எதிராளியின் நெற்றியைப் பார்த்துத்தான் பேசுவார்கள். ‘வாயப் பாக்காத, நெத்தியப் பாரு’ என்று பிள்ளைகளை அதட்டி வளர்ப்பார்கள். அந்த அதட்டலும் பிள்ளைகளுக்குக் கொஞ்சலாகவே கேட்கும்.

இதத்தை உருவாக்கியவளும் நிறைமதிதான். அற்பக் காரணத்துக்காக அல்ல. அவள் இளம் பொறியாளராக இருந்தபோது, உணவுக்கூட வரிசையில் இடம் மாறி நின்றதற்காக சேந்தன் என்ற பையனை ஒருவன் ஒரு சொல் சொன்னான். எந்தச் சொல் என்று கேட்காதீர்கள். உங்களுக்குத் தெரியும், தெரியாததுபோல் இருப்பதில் நமக்கும் நல்ல பழக்கம் உண்டு. சேந்தன் தட்டைக் கீழே வைத்தான். காற்றடைப்பு அறைக்குள் போனான். தலைக்கவசம் இல்லாமல் வெளிக்கதவைத் திறந்து பனியில் இறங்கி நடந்தான். கண்ணாடி வழியாக எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனை உள்ளே தூக்கி வந்தபோது இமை மயிர்களில் உறைபனி பூத்திருந்தது.

அந்த இமைகள் நிறைமதியைத் தூங்கவிடவில்லை. இதம் பிறந்தது. அதற்குப் பிறகு நிகரூரில் ஒருவர்கூட இன்னொருவரின் சொல்லால் சாகவில்லை. இதைக் கேலி செய்ய இந்தக் கதைக்கு உரிமை கிடையாது.

கேலிக்குரியது பின்னால் வந்தது. எந்த நல்ல காரியத்தின் பின்னாலும் வருவதுபோல் இதன் பின்னாலும் ஒரு வாரியம் வந்தது. நல்லுரை வாரியம். அதற்கு ஒரு நெறியாளர், மாண்பமை திருமிகு அறவாழியார். ஆண்டுக்கு ஒரு முறை சேந்தன் நாள். அன்றைக்கு அறவாழியார் கம்பீரக் குரலில், ‘சொல்லால் ஒருவரையும் காயப்படுத்தாத ஒரே மானுடச் சமூகம் நாம்’ என்று முழங்குவார். பிறகு சேந்தனின் தங்கை பூவிழிக்கு ஒரு பொன்னாடை மெதுவாக இறங்கும்.

அந்தப் பூவிழிதான் ஒரு பகல் வேளையில் நிறைமதியின் பணிக்கூடத்துக்கு வந்து நின்றாள்.

அவள் கணவன் மாசிலன் அந்த ஆண்டில்தான் ஊற்றுக்குழியில் செத்திருந்தான். பனிப்பிளவுக்குள் கயிற்றில் இறங்கி, தண்ணீர் உறிஞ்சும் சல்லடையில் படியும் உப்புப் பாறையைச் சுரண்டி எடுப்பது அவன் வேலை. அந்த இடத்தில் இயந்திரக் கைகள் சிக்கிக்கொள்ளும், மனிதக் கைதான் சரிப்படும் என்று தொழில்நுட்பக் குழு எப்போதோ முடிவு கட்டியிருந்தது. இப்போது அதே குழிக்கு அவர்கள் மகள் யாழினியின் பெயர் வந்திருக்கிறது. பூவிழி ஏற்கெனவே இரண்டு தடவை வாரியக் கூட்டத்தில் முறையிட்டிருந்தாள். இரண்டு தடவையும் பொன்னாடையோடு வீடு திரும்பியிருந்தாள்.

நிறைமதி வழக்கம்போல் அவள் நெற்றியைப் பார்த்தாள். காதில் பூவிழியின் குரல் தேன்போல் இறங்கியது.

“அக்கா, வாரியத்தின் அன்பில் நெகிழ்ந்து போயிருக்கிறேன். மகளுக்குக் கிடைத்த வாய்ப்புக்கு நன்றி சொல்ல வந்தேன்.”

“நல்லதும்மா,” என்று சொல்ல வாயெடுத்த நிறைமதி, பூவிழியின் கன்னத்தில் நெல்லிக்காய் அளவுக்குத் திரண்டு, விழ எடை இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்த கண்ணீரைப் பார்த்தாள். கண்ணீரைப் பார்த்த கண், அநாகரிகமாக, இன்னும் ஒரு அங்குலம் கீழே இறங்கியது.

பூவிழியின் வாய் அகலத் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நன்றி சொல்ல யாருக்கும் அவ்வளவு பெரிய வாய் தேவைப்படாது.

நிறைமதி காதில் விரலை விட்டு மணியை உருவினாள். பழுது பார்க்கிறவர்கள் செத்த மணிகளைத்தான் தொடுவார்கள். தன் மணியை அவள் கழற்றி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

முதலில் வந்தது பூவிழியின் குரல் அல்ல. ஒரு முழக்கம். காலடியிலிருந்து ஏறி, முழங்காலைப் பிடித்து, விலா எலும்புக்குள் புகுந்து, பல் வரிசையை அதிர வைத்தது. ஆயிரம் அணைகளின் மதகுகளை ஒரே நேரத்தில் தூக்கிவிட்டாற்போல, ஆனால் முடிவே இல்லாமல். மேசைமேல் இருந்த திருகாணிகள் அதற்கு மெல்லத் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. நிறைமதி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னது இது? என்ன உடையுது?”

“எது?” பூவிழி சுற்றும் முற்றும் பார்த்தாள். “ஓ, அதுவா. ஊத்துக்கா. தரைக்குள்ள ஓடுற சத்தம். எப்பவும் இப்படித்தான இருக்கு. உங்களுக்குக் கேட்டதே இல்லையா?”

ஒரு காலத்தில் கேட்டிருந்தாள்; மறந்தே போயிருந்தாள். அச்சமூட்டும் தொடர் ஒலிகள் என்ற தலைப்பின் கீழ், எப்போதோ ஒரு மதியத்தில், அவளே அதை ஒரு வரியாகச் சேர்த்து அழித்திருந்தாள். ஒரு முழு நிலவின் குரலை. அதன் மேல் உட்கார்ந்துதான் இத்தனை வருடம் டீ குடித்திருக்கிறாள்.

“நீ மணி போட்டிருக்கியா பூவிழி?”

“கூட்டத்துக்குப் போகும்போது போட்டுக்குவேன். எங்க பக்கம் வீட்டுல யாரும் போடறதில்ல. ஊத்து குரல் மாத்துனா குழியிலேர்ந்து ஓடியாரணும். காதுல இதை மாட்டிக்கிட்டா அது எப்படித் தெரியும்?” அவள் பார்வை நிறைமதியின் கையிலிருந்த மணிக்குப் போனது. “இப்ப நான் சொல்றது கேக்குதா? நான் சொல்றதேவா கேக்குது?”

“கேக்குது. சொல்லு.”

“ரெண்டு தடவை கூட்டத்துல பேசுனேன்க்கா. ‘என் புருஷன முழுங்கின குழியில என் மகளையும் எறக்குறீங்களே, அதுக்கு எங்க சாதிப் புள்ளைங்க மட்டும்தான் உங்க கண்ணுக்குத் தெரியுதா’ன்னு கேட்டேன். எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுறாங்க. எதுக்குக்கா தட்டுனாங்க?”

நிறைமதிக்கு அந்தக் கூட்டம் நினைவிருந்தது. ‘என் கணவர் நேசித்த பணியில் மகளும் இணைவது எங்கள் குடும்பத்துக்குப் பெருமை’ என்று அவளுக்குக் கேட்டது. அவளும் எழுந்து நின்றுதான் தட்டினாள்.

“ஆனா பூவிழி, வேலைப் பங்கீட்டுல சாதின்னு ஒண்ணு கிடையவே கிடையாதே. நானே பாத்திருக்கேன். யார் பேரோடயும் அது ஒட்டியிருக்கல. குடும்ப அனுபவப் புள்ளி, அவ்வளவுதான். அப்பா அம்மா என்ன வேலை பாத்தாங்களோ அதுல பிள்ளைக்குக் கைப்பழக்கம் இருக்கும்னு...”

“எங்கப்பன் இங்க வந்ததும் என்ன வேலை குடுத்தாங்க? கழிவுக் குழாய். ஏன்? அவங்கப்பாவுக்குப் பூமியில சாக்கடையில எறங்குன அனுபவம். அவரு ஆசைப்பட்டா எறங்குனாரு? அதுக்கும் மிசின் புள்ளி போட்டுச்சு. அந்தப் புள்ளியில என் அண்ணன், அப்புறம் என் புருஷன், இப்ப யாழினி. பேரை அழிச்சுப்புட்டீங்க, குழியை அழிக்கல.” பூவிழி முந்தானையால் கன்னத்து நெல்லிக்காயை ஒற்றி எடுத்தாள். “உங்க அமுதன் எங்க வேலை பாக்குறான்?”

“இசைக்கூடத்துல.”

“எப்படிக் கிடைச்சுது?”

தாய்க்கு ஒலித்துறையில் அனுபவம் என்று அமுதனுக்கு நிறைய புள்ளி கிடைத்திருந்தது. பையனுக்கு ஸ்ருதி சேராது.

“இன்னொண்ணு,” என்றாள் பூவிழி. குரல் தணிந்துவிட்டது. “அவரு எப்படிச் செத்தாருன்னு தெரியுமா? ஊத்து தெடீர்னு பெருகிச்சுன்னு எழுதிட்டாங்க. தெடீர்னு ஒண்ணும் இல்ல. குரல் மாறிச்சு, அவருக்குக் கேட்டுச்சு, கத்துனாரு. குழியில கூட இருந்து தப்பிச்ச பையன் காதுல மணி இல்ல, அவனுக்கு அப்படியே கேட்டுருக்கு: ‘தூக்குங்கடா நாசமாப் போறவனுங்களா, ஊத்து வருதுடா!’ மேல கயிறு இழுக்குற பாரி காதுல மணி. அவனுக்குக் கேட்டதை அவனே எங்கிட்ட வந்து அழுதுக்கிட்டே சொன்னான்.”

“என்ன கேட்டுச்சாம்?”

“‘நண்பர்களே, ஊற்று வருகிறது, அழகாக இருக்கிறது. வசதிப்படும்போது மேலே தூக்கினால் மகிழ்வேன்.’ பாரி டீயைக் குடிச்சு முடிச்சுட்டுக் கயித்துல கை வெச்சிருக்கான்.”

தரைக்குள் முழக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. ஆபத்துச் சொற்களை இதம் தொடக்கூடாது என்றுதான் நிறைமதி ஆரம்பத்தில் அமைத்திருந்தாள். ஆபத்துச் சொல்லோடு வசைச்சொல் கலந்து வந்தால் வசைக்கே முதல் கவனம் என்று வாரியம் பிற்பாடு ஒரு திருத்தம் கொண்டுவந்தது. சாகப் போகிறவர்களும் கண்ணியம் காக்க வேண்டும் என்று அறவாழியார் அன்று அழகாகப் பேசினார். திருத்தத்தை இயந்திரத்தில் ஏற்றியது இவள் கை.

“என் அண்ணன் செத்தது ஒரு வார்த்தையால. என் புருஷன் செத்தது வார்த்தை போய்ச் சேராம,” என்றாள் பூவிழி. “மகளையாவது விட்டுருங்கன்னு கேக்க வந்தா, சால்வை போடுறாங்க. நான் வேற ஒண்ணும் கேக்கலக்கா. நாளைக்கு மூணாந்தடவை கூப்பிட்டிருக்காங்க. அதோட முடிஞ்சுது, மறுநாள் யாழினி எறங்கணும். நான் பேசுறது ஒரு தடவை அவங்க காதுல விழணும். கேட்டுப்புட்டு முடியாதுன்னு சொன்னாலும் சொல்லட்டும்.”

“அணைச்சா உன் பேச்சு மட்டும் வராது பூவிழி. எல்லாருடையதும் வரும். அந்த வார்த்தையும் வரலாம்.”

“வரட்டும்,” என்றாள் பூவிழி. “எனக்கு அது ஒண்ணும் புதுசில்ல.”

மறுநாள் மன்றம் நிறைந்திருந்தது. மூன்றாவது பொன்னாடை தட்டில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. கூட்டத்தின் முடிவைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அந்தத் தட்டைப் பார்த்தாலே போதும். மேடையில் வாரியத்தினர், நடுநாயகமாக அறவாழியார். ஒவ்வொருவரும் அடுத்தவர் நெற்றியை அன்போடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிறைமதி ஓரத்து ஒலிக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தாள். ஆண்டுப் பராமரிப்புக்காக இதத்தை ஒரு மணி நேரம் நிறுத்திவைக்கும் அதிகாரம் அவளுக்கு உண்டு. வழக்கமாக ஊர் உறங்கும் வேளையில் அதைச் செய்வாள். இந்தத் தடவை வேளையைக் கொஞ்சம் மாற்றிவிட்டாள். அதற்கு என்ன விலை என்று அவளுக்குத் தெரியும்.

“அன்புச் சகோதரி பூவிழி அவர்களே, தங்கள் இனிய எண்ணங்களை...” என்று அறவாழியார் தொடங்கினார். நிறைமதி விசையைக் கீழே தள்ளினாள்.

நிலவு மன்றத்துக்குள் வந்தது.

வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தரை, நாற்காலி, மேடை, தண்ணீர்க் குவளைகள், மனித எலும்புகள், எல்லாவற்றின் வழியாகவும் அந்த முழக்கம் ஒரே நேரத்தில் எழுந்தது. சிலர் கூரையைப் பார்த்தார்கள். சிலர் பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். யாரோ எழுந்து, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் கண்ணாடிச் சுவர்ப் பக்கம் திரும்பினார்கள். வெளியே ஊற்றுகள் வழக்கம்போல் வானத்துக்கு ஏறிக்கொண்டிருந்தன. இதுவரை அவை ஊமைப் படம். இன்றைக்குத்தான் குரல் வந்திருந்தது. அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் தாங்கள் எவ்வளவு பெரிய ஒன்றின் முதுகில் குடியிருக்கிறோம் என்பதை வாயைப் பிளந்தபடி பார்த்தார்கள். அதுவரை அங்கே யாரும் எதைக் கண்டும் வாயைப் பிளந்ததில்லை, அநாகரிகம்.

“பூகம்பமா? என்னய்யா இது?” என்றது ஒரு கீச்சுக் குரல். யாருடையது என்று எல்லோரும் தேடினார்கள். அறவாழியாருடையது. கேட்பவருக்கு எரிச்சல் தரக்கூடியது என்ற வகையில் இதம் அதை இத்தனை வருடமாகக் கம்பீரமாக்கிக் கொடுத்து வந்திருக்கிறது.

“ஊத்துங்க ஐயா,” என்றாள் பூவிழி. “பயப்படாதீங்க. இது நல்ல குரல்லதான் இருக்கு. குரல் மாறுனா நானே சொல்றேன். இப்ப நான் பேசுறேன், கேளுங்க.”

அவள் பேசினாள். அழகாகப் பேசினாள் என்று சொல்ல முடியாது. இடையில் இருமல் வந்தது, ஒரு தடவை சொன்னதையே மறுபடியும் சொன்னாள். ஆனால் சாதி என்றாள். எங்க தாத்தன் எறங்குனான், நாங்களும் எறங்குறோம், உங்க வீட்டுல யாரு எறங்குனது, கையைத் தூக்குங்க பாப்போம் என்றாள். மாசிலன் கடைசியாகக் கத்தியதை அவன் கத்தியது போலவே கத்தினாள், பிறகு பாரிக்குக் கேட்டதையும் சொன்னாள். மன்றத்தின் ஓரத்தில் பாரி முகத்தை மூடிக்கொண்டான். “நாளைக்கு என் மக எறங்கணும். என் சாதியைத் தவிர அதுக்கு வேற காரணம் உங்ககிட்ட இருந்தா, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. நெத்திய இல்ல. மூஞ்சிய.”

யாரும் கைதட்டவில்லை.

அறவாழியார் தொண்டையைச் செருமினார். “சகோதரியின் ஆழ்ந்த உணர்வுகளை வாரியம் போற்றுகிறது. தலைமுறை தலைமுறையாக ஒரு பணியில் திகழும் தங்கள் குடும்பத்தின் பங்களிப்பை...”

நிறைமதி திடுக்கிட்டு விசையைப் பார்த்தாள். அணைந்துதான் இருந்தது. ஒரு தடவை தட்டிப் பார்த்தாள். அணைந்தேதான் இருந்தது. மாண்பமை நெறியாளருக்கு இயந்திரம் தேவைப்படவில்லை. ஒருவேளை எப்போதுமே தேவைப்பட்டிருக்காது. இயந்திரம் செய்ததெல்லாம் குரலைக் கொஞ்சம் கனமாக்கியதுதான்.

“போதும் ஐயா, நிறுத்துங்க!” என்றது மேடையின் கோடியில் இருந்த ஒரு குரல். மகிழ்நன், வாரிய உறுப்பினர், இத்தனை கூட்டங்களில் ‘வழிமொழிகிறேன்’ என்பதைத் தவிர ஒன்றும் பேசாதவர். அவர் முகம் வேர்த்திருந்தது. “அந்தம்மா கேக்குறது உண்மை. எனக்கு ரெண்டு பிள்ளைங்க. அந்தக் குழியில நான் அவங்களை விட மாட்டேன். செத்தாலும் விட மாட்டேன். யாராவது எறங்கியாகணும்னா... அவங்க ஆளுங்களே எறங்கட்டும்னுதான் நெனச்சேன். பழக்கப்பட்டவங்கதானே, அவ்வளவா வலிக்காதுன்னு நெனச்சேன். அதுதான் காரணம். வேற ஒரு வெங்காயமும் இல்ல.”

பூவிழி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்பத்தான் ஒருத்தர் எனக்குப் பதில் சொல்லியிருக்கீங்க,” என்றாள். “வலிக்குமுங்க. பழகிட்டாலும் வலிக்கும். உங்க பிள்ளைக்கு வலிக்கிற அளவுக்கே வலிக்கும்.”

அதற்குப் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அசிங்கமாகத்தான் இருந்தது. அப்போ எல்லாப் பிள்ளைகளையும் குழியில் தள்ளுவதா என்றார்கள். தள்ளேன், என்ன கெட்டுப்போச்சு என்றார்கள். உங்கப்பன் யாரு தெரியாதா என்றார்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பதினைந்து வருடத்துக் குப்பைத் தகராறை அங்கேயே பைசல் செய்தார்கள். இரைச்சலின் நடுவில், பின்வரிசையில் இருந்த சரக்கறைக் கண்காணிப்பாளர் ஒருவர் எழுந்து பூவிழியை நோக்கி விரலை நீட்டி அந்தச் சொல்லைச் சொன்னார்.

அதே சொல். சேந்தனை வெளியே நடக்க வைத்த சொல்.

சட்டென்று எல்லா வாயும் மூடிக்கொண்டன. நிலவின் முழக்கம் மட்டும் இருந்தது. நிறைமதியின் விரல் தானாக விசைக்குப் போயிற்று. கண்ணுக்குள் அந்த இமைகள் வந்து நின்றன.

“தொடாதீங்கக்கா!” பூவிழி திரும்பாமலே சொன்னாள். தரையை ஓர் உந்து உந்தி, வரிசைகளுக்கு மேலாக மிதந்து, கண்காணிப்பாளரின் முன்னால் போய் இறங்கினாள். அவர் முகத்துக்கு நேரே நின்றாள்.

“வாய் தவறி...” என்றார் அவர்.

“தவறலங்க. நேராத்தான் வந்துச்சு. இந்த வார்த்தை உங்க வேலைப் பட்டியல்ல எனக்குத் தெனமும் கேக்குது. பந்தியில, பள்ளிக்கூடத்துல, சால்வை போடும்போது என் தோள்ல கை படாம புடிக்கிறீங்க பாருங்க, அதுல கேக்குது. உங்க வாயிலதான் இத்தனை நாள் கேக்கல. அதனால யாருக்கு நான் பதில் சொல்றதுன்னே தெரியாம இருந்துச்சு. எங்க அண்ணனுக்கு அன்னைக்குப் பதில் சொல்ல ஒருத்தரும் இல்ல. இந்த மன்றத்துல இருக்குற அத்தனை பேரும் கண்ணாடி வழியா பாத்துக்கிட்டிருந்தீங்க.” கண்காணிப்பாளர் அவள் நெற்றியைப் பார்க்க முயன்றார். “மூஞ்சியப் பாருங்க. ஆங். இப்ப உக்காருங்க. பேசலாம்.”

அவர் உட்கார்ந்தார். பேசினார்கள். ஒரு மணி நேரத்தில் என்னதான் பேசிவிட முடியும்? ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில், அதற்கு முந்தைய பதினைந்து சேந்தன் நாட்களில் பேசியதைவிட அதிகம் பேசினார்கள். முடிவில் மகிழ்நன் தீர்மானம் கொண்டுவந்தார்: குடும்ப அனுபவப் புள்ளி ரத்து. குழி வேலைக்கு ஊரின் எல்லா வீட்டுப் பெயர்களையும் போட்டுக் குலுக்கல். கை தூக்கினார்கள். தட்டியே பழகிய கைகள் அன்றுதான் முதல் தடவையாக எண்ணப்பட்டன. கொஞ்ச வித்தியாசத்தில் தேறியது. சரக்கறைக் கண்காணிப்பாளர் கை தூக்கவில்லை. இப்படி ஒரே நாளில் எல்லோரும் திருந்துவது மேடைப் பேச்சில்தான் நடக்கும்.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். குலுக்கல் அறிவித்த மறுநாளே தொழில்நுட்பக் குழு அவசரமாகக் கூடியது. குழிக்குள் இயந்திரக் கை இயங்குவது சாத்தியமே என்று கண்டுபிடித்தது. ஒரு தலைமுறைக் காலம் சாத்தியமில்லாமல் இருந்த விஞ்ஞானம் ஒரே நாளில் சாத்தியமானதை என்னவென்று வியப்பது! ஆனால் இயந்திரம் செய்து முடிக்கப் பல மாதங்கள் ஆகும். அதுவரை கைதான்.

இதத்தைக் குழிக் கயிற்றடியில் தடை செய்தார்கள். மற்ற இடங்களில் விரும்பியவர் மாட்டிக்கொள்ளலாம், விரும்பியவர் கழற்றலாம். பலர் மாட்டிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அனுமதியில்லாத வேளையில் இதத்தை நிறுத்தியதற்காக நிறைமதியை வேலையிலிருந்து நீக்கினார்கள். நீக்கும் விழாவில், அவளது நீண்ட சேவையைப் பாராட்டி, ஒரு பொன்னாடை மெதுவாக இறங்கியது.

முதல் குலுக்கலில் யாழினியின் பெயர் வரவில்லை. அமுதன் பெயர் வந்தது.

அவன் இறங்கும் நாளில் நிறைமதி குழி வாசலின் அழுத்த அறையில் நின்றாள். காதில் மணி இல்லை. கண்ணாடிக்கு வெளியே பனித்தரை வெட்டுக்காயம்போல் பிளந்து கிடக்க, அதற்குள்ளிருந்து நீலமும் வெள்ளையுமாக ஊற்று எழுந்து, பாதிச் சனியைத் தாண்டி, நட்சத்திரங்களுக்குள் போய்க் கலந்துகொண்டிருந்தது. முழக்கம் பற்களுக்குள் இருந்தது. இவ்வளவு அழகான ஒன்றைப் பார்த்து இவ்வளவு பயந்ததில்லை அவள். இரண்டும் ஒரே உணர்ச்சிதானோ என்றுகூடத் தோன்றியது.

அமுதன் கவச உடைக்குள் புகுந்துகொண்டிருந்தான். “அம்மா, அப்படிப் பாக்காதீங்க,” என்றான்.

பின்னால் கதவு திறந்தது. பூவிழி. கையில் மடித்த துணி. பொன்னாடை. பல தடவை துவைத்து நிறம் வெளுத்திருந்தது. ஓரத்துச் சரிகை உருவப்பட்டிருந்தது.

“கழுத்தைக் காட்டுப்பா,” என்றாள் அமுதனிடம். “தலைக்கவச வளையம் கழுத்துல உராஞ்சு புண்ணாக்கும். இதை நல்லா சுத்திக்க. சரிகைய உருவிட்டேன், இல்லன்னா குத்தும்.” துணியை இறுக்கமில்லாமல் சுற்றி, நுனியை உள்ளே செருகினாள். “அவரு நான் வாங்கியாந்த சால்வை எல்லாத்தையும் இதுக்குத்தான் வெச்சிருந்தாரு. இவ்வளவு பெரிய துணிய வேற எதுக்குக் குடுக்கப்போறாங்கன்னு நெனச்சாரோ என்னவோ.”

அமுதன் சிரித்தான். கவசம் மூடியது. கயிற்றைப் பாரி கையில் வாங்கினான். பக்கத்தில் டீக் குவளை எதுவும் இல்லை. உள்கதவு அடைத்து, வெளிக்கதவு திறந்து, வெள்ளைக் கவச உருவம் பிளவின் விளிம்பில் ஒரு கணம் நின்று, மெதுவாக, அந்த ஊரில் எதுவும் இறங்குவதுபோல் மிக மெதுவாக, முழக்கத்துக்குள் இறங்கியது.

நிறைமதி பூவிழியின் பக்கம் திரும்பினாள். அவள் வாயைப் பார்த்தாள். அந்த வாயிலிருந்து ஒன்றும் ஆகாது என்றோ, நல்லபடியாக வருவான் என்றோ ஒரு சொல் வந்துவிடாதா என்று ஏங்கினாள். ஆயுள் முழுக்க அவள் தயாரித்துக் கொடுத்தது அந்தச் சொல்லைத்தான்.

“பூவிழி, அவன் திரும்பி வர்ற வரைக்கும் இப்படியேதான் இருக்குமா? இந்தப் பயம்?”

பூவிழி பிளவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காது மட்டும் ஊற்றின் குரலில் இருந்தது.

“இருக்கும்,” என்றாள்.

பிறகு நிறைமதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.